புதியதா? புதுக்கியதா?



கொச்சித் துறைமுகத்தின் மேற்குக் கரையில் மட்டாஞ்சேரி என்னும் பழைய ஊர் இருக்கிறது. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அவ்வூரில் யூதர் தெரு என்று ஒரு வீதி உண்டு. முன்னாளில் நறுமணப் பொருள்கள் கைமாறிய அத்தெருவின் கடைகள் பலவற்றில் இந்நாளில் பழம்பொருள்கள் விற்கிறார்கள். குத்துவிளக்கும் தேக்குப் பெட்டியும் பித்தளைப் பூட்டும் அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். அங்கே பொருள் வாங்கச் செல்பவருக்கு ஊர் அறிந்தவர் ஒரு புத்தி சொல்லி அனுப்புவது வழக்கம். 'புதிதாகச் செய்ததைப் பழையது என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்கள், பார்த்து வாங்கு' என்பது அது.

அதே ஊரில் மோட்டார் வண்டிக்கு உதிரி பாகம் வாங்கச் செல்பவருக்குச் சொல்லப்படும் புத்தி இதற்கு நேர்மாறானது. 'பழையதற்குச் சாயம் பூசிப் புதியது என்று கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்கு' என்பார்கள். இரண்டு தெருக்களிலும் வாங்குகிறவனுக்கு வேண்டியது ஒன்றுதான். தன் கையில் இருப்பது யாது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. வண்டியில் ஒரு பாகம் பழுதுபட்டால் புத்தம் புதியதை வாங்குவதா, பழையதைப் பிரித்துச் செப்பனிட்டுப் புதுக்கியதை வாங்குவதா என்ற கேள்விக்கு நமக்குள் ஒரு தெளிவு வேண்டும்.

சொந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்களுக்கு இக்கேள்வி சற்றுக் கூடுதலான கனம் உடையது. ஊரில் இருந்தால் அப்பா காலத்திலிருந்து பழகிய மெக்கானிக் ஒருவர் இருப்பார். 'அண்ணே, இது தாங்குமா?' என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவார். புது ஊரில் அந்த அண்ணன் இல்லை. மொழியும் அரைகுறை. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய அடுப்பும் யோசித்துத்தான் எரியும். ஆகவே அவசரத்தில், கடைக்காரர் நீட்டியதை வாங்கிக்கொண்டு போகும்படி நேர்ந்துவிடுகிறது.

இவ்விஷயத்தில் மக்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. 'புதியதைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன்' என்பவர் ஒரு சாரார். 'எல்லாம் ஒரே இரும்புதானே, பாதி விலைக்குக் கிடைத்தால் என்ன?' என்பவர் மற்றொரு சாரார். முன்னவர் பணத்தை வீணாக்குகிறார். பின்னவர் சில சமயங்களில் பணத்தைவிடப் பெரியதொன்றைப் பணயம் வைக்கிறார்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'பழைய பாகம்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வகை உண்டு. ஒன்று, உடைக்கப்பட்ட வண்டியிலிருந்து கழற்றி, துடைத்து, அப்படியே விற்பது. இரண்டாவது, பட்டறையில் கெட்டுப்போன உறுப்பை மட்டும் மாற்றி ஓடும்படி செய்து விற்பது; இதைத்தான் கடைத்தெருவில் 'ரீகண்டிஷன்' என்கிறார்கள். மூன்றாவது, பாகத்தை முழுவதும் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் கழுவி அளந்து, தேய்ந்து போவன அனைத்தையும் கெட்டாலும் கெடாவிட்டாலும் மாற்றி, புதியதற்குரிய அளவுகளுக்கே கொண்டுவந்து, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து, உத்தரவாதச் சீட்டுடன் விற்பது. இந்த மூன்றாவதையே நான் 'புதுக்கியது' என்று சொல்லுகிறேன். மூன்றும் ஒரே அலமாரியில், ஒரே வெள்ளிச் சாயத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நமக்குள்ள இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

புதியது என்பதிலும் மூன்று வகை உண்டு. கார் செய்யும் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. அந்தக் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது இரண்டாவது. பெயரே இல்லாமலோ, பிறர் பெயரைத் திருடிக்கொண்டோ வருவது மூன்றாவது. நடுவில் உள்ளதைப் பலர் அறியார். சென்னையைச் சுற்றி எழுந்த லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, ரானே, இந்தியா பிஸ்டன்ஸ் முதலான தொழிற்சாலைகளின் பாகங்கள் கார் கம்பெனிகளுக்கும் போகின்றன, கடைகளுக்கும் வருகின்றன. கார் கம்பெனியின் முத்திரை இல்லாததனாலேயே ஒரு பாகம் போலியாகிவிடாது. ஆனால் பெயரில்லாத புதுப் பாகத்தைவிட, பெயருள்ளவர் புதுக்கிக் கொடுத்த பழைய பாகம் எத்தனையோ மேல். புதியது என்பதே ஒரு தகுதியாகிவிடாது.

புதுக்குதல் இழிவான தொழில் அன்று. மட்டாஞ்சேரியையே பாருங்கள். அங்குள்ள அரண்மனையைக் கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர்; ஏறத்தாழ 1555-இல் அதைக் கொச்சி அரசருக்கு அளித்தார்கள். 1663-இல் டச்சுக்காரர்கள் அதைச் செப்பனிட்டு விரிவாக்கினார்கள். அதனால் அது இன்றும் டச்சு அரண்மனை என்றே வழங்குகிறது. பக்கத்திலுள்ள யூதர் ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. 1662-இல் போர்ச்சுக்கீசியரால் சேதமுற்று, பின்பு மீண்டும் கட்டப்பட்டது. இரண்டும் இன்றளவும் உறுதியாக நிற்கின்றன. கல்லும் மரமும் நன்றாயிருந்தால், தெரிந்தவர் கை பட்டால், பழையது புதியதற்குச் சமமாக நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மோட்டார்த் தொழிலிலும் இது புதிய வழக்கம் அன்று. பிரான்ஸ் நாட்டின் ரெனோ கம்பெனி பாரிசுக்கு அருகில் ஷ்வாசி லெ ருவா என்ற இடத்தில் 1949 முதல் பழைய எஞ்சின்களைப் புதுக்கத் தொடங்கியது. அமெரிக்காவின் காட்டர்பில்லர் கம்பெனி 1973-இல் இதைத் தனித் தொழிலாகவே மேற்கொண்டது. மதுரையில் பேருந்து விட்டு வளர்ந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிட்டாதபோது, பெட்ரோலில்லாமல் வண்டியை ஓட்டுவதற்கென்று எரிவாயுக் கலம் ஒன்றைச் செய்து விற்றதை அறிவோம். கையிலுள்ளதைக் கொண்டு வண்டியை ஓடவைப்பது நம்மவர்க்குப் புதிய வித்தை அன்று.

புதுக்குதல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஆல்டர்னேட்டரை உதாரணமாகக் கொள்வோம். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பாட்டரிக்கு ஏற்றுவது அதன் வேலை. அதன் வெளிக்கூடு அலுமினிய வார்ப்பு. உள்ளே செம்புக் கம்பிச் சுருள்களும் நடுவில் சுழலும் தண்டும் இருக்கின்றன. கூடும் தண்டும் எளிதில் தேய்வன அல்ல. தேய்வன இரண்டு பேரிங்குகளும் இரண்டு கார்பன் பிரஷ்களும், அந்தப் பிரஷ்கள் உரசும் வளையங்களுமே. வெப்பத்தால் கெடுவன மின்சாரத்தை ஒருதிசைப்படுத்தும் டயோடுகளும் ரெகுலேட்டரும். இவற்றை மாற்றி, கம்பிச் சுருளின் காப்பைச் சோதித்து, மேடையில் ஏற்றி எத்தனை ஆம்பியர் தருகிறது என்று அளந்துவிட்டால், அந்த ஆல்டர்னேட்டர் புதியதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. அலுமினியத்தை மறுபடியும் உருக்கி வார்க்கும் செலவும் எரிபொருளும் மிச்சம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

இனி, புதுக்கினாலும் திரும்பாதவை எவை என்று பார்ப்போம். உலோகம் களைக்கும். பல லட்சம் முறை வளைந்தும் முறுக்குண்டும் வந்த இரும்பினுள் கண்ணுக்குத் தெரியாத கீற்று விழும். மேலே பூசிய சாயம் அதைக் கூட்டாது. ரப்பர் ஓடினாலும் மூப்படையும், ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும். தேய்ந்த உலோகம் தானாக மறுபடி வளராது. கடைந்து சமப்படுத்தினால் மேலும் மெலியத்தான் செய்யும். ஆதலால்தான் பிரேக் டிரம்மில் அதிகபட்ச விட்டமும், பிரேக் டிஸ்கில் குறைந்தபட்சக் கனமும் வார்ப்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த எல்லையைத் தாண்டியதை எந்த லேத்துப் பட்டறையும் மீட்க முடியாது.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற இடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத்தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. எவ்வளவு வெள்ளையாக வெளுத்து, கஞ்சியிட்டு, மடிப்புக் கலையாமல் கொடுத்தாலும், இழை நைந்த வேட்டி நைந்த வேட்டிதான் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? வெளுப்பு அழுக்கைப் போக்கும். நூலுக்கு வலுவைக் கொடுக்காது. பாகம் வாங்குகிறவர் மனத்தில் இந்த வேட்டி இருக்கட்டும்.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் வண்டியின் ஆல்டர்னேட்டர் கெட்டது. புதுக்கியதை வாங்கி மாட்டினார். ஏறக்குறைய பாதிப் பணம் மிச்சமாயிற்று. மூன்று மழைக்காலம் கண்டும் அது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் துணிச்சலில், அடுத்த ஆண்டு பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் கசிந்தபோதும் பட்டறையில் ரப்பர் மட்டும் மாற்றிச் செப்பனிட்ட ஒன்றையே வாங்கினார். உள்சுவரில் துரு அரித்த சிறு பள்ளங்கள் இருந்ததை அவர் பார்க்கவில்லை; யாரும் காட்டவுமில்லை.

ஒரு மாலையில் பாலத்தின் இறக்கத்தில் வண்டிகள் நெருங்கி நின்றன. இவர் பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தார். காலுக்குக் கீழே மிதிகட்டை மெல்ல மெல்ல இறங்கிற்று. மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, கார் அங்குலம் அங்குலமாக முன்னே நகர்ந்தது. முன்னால் ஒரு மிதிவண்டி. அதன் பின்னிருக்கையில் பள்ளிப் பையுடன் ஒரு சிறுவன். கைப்பிரேக்கை இழுத்தார், வண்டி நின்றது. இடைவெளி ஒரு முழம் இருந்தது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் மறக்கவில்லை. 'ஆயிரத்துச் சில்லறை மிச்சம் பிடித்தேன், அண்ணாச்சி. அந்தப் பையன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது' என்றார்.

ஒரே மனிதர், ஒரே வண்டி. ஒரு பாகம் அவருக்கு நன்மை செய்தது. மற்றொன்று அவரை ஏமாற்றிற்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் நாம் தேடும் விதி இருக்கிறது. ஒரு பாகத்தை வாங்குமுன் நம்மை நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'ஓடும்போது இது கெட்டால் வண்டி நின்றுபோகுமா, அல்லது நிற்காமல் போகுமா?' ஆல்டர்னேட்டர் கெட்டால் வண்டி நின்றுபோகும். ஒரு மணி நேரமும் ஒரு சவாரியும் நஷ்டம். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. நஷ்டத்துக்குக் கணக்கு இல்லை. கெட்டால் வண்டி நின்றுபோகும் பாகத்தைப் புதுக்கியதாக வாங்கலாம். கெட்டால் வண்டி நிற்காமலோ திரும்பாமலோ போகும் பாகத்தைப் புதியதாகவே வாங்குக.

இவ்விதியின்படி ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், குளிர்சாதனத்தின் கம்ப்ரசர், டீசல் வண்டியின் எரிபொருள் பம்பு, டர்போ, கியர் பெட்டி, எஞ்சின் ஆகியவை புதுக்கியதாக வாங்கத் தக்கவை. கதவு, பானட், இருக்கை போன்றவற்றைக் கழற்றி எடுத்ததாகவே வாங்கினாலும் பெரிய தீங்கில்லை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் குழாய், பிரேக் பேட், டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், இருக்கைப் பட்டை ஆகியவற்றில் சிக்கனம் வேண்டா. ஒருமுறை விரிந்த காற்றுப்பையை எவர் செப்பனிட்டுத் தருவதாகச் சொன்னாலும் வாங்கலாகாது. டைமிங் பெல்ட்டும் எப்போதும் புதியதாகவே இருக்க வேண்டும். ஓடும்போது அது அறுந்தால் பல வண்டிகளில் எஞ்சினே பாழாகும்.

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இவ்விதியை நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகின்றன. பேருந்தின் தேய்ந்த டயரை அவர்கள் எறிந்துவிடுவதில்லை. மேலே புதுப் பட்டை பதித்து மறுபடி ஓட்டுகிறார்கள். ஆயினும் பட்டை பதித்த டயரைப் பின்சக்கரத்துக்கே போடுவது முறை. பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர். ஒன்று வெடித்தால் மற்றொன்று தாங்கும். முன்சக்கரம் வண்டியைத் திருப்பும் சக்கரம்; அங்கே புதுடயர். ஒரே பேருந்தில் சிக்கனமும் எச்சரிக்கையும் தத்தம் இடத்தில் இருக்கின்றன.

விதிக்குத் துணையாக ஒரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பாகத்தின் விலை ஒன்று. அதை மாட்டும் கூலி மற்றொன்று. கிளட்ச்சை மாற்ற வேண்டுமானால் கியர் பெட்டியையே இறக்க வேண்டும். கூலி இரண்டாயிரம், கிளட்ச்சில் மிச்சம் ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்பனிட்ட கிளட்ச் ஆறு மாதத்தில் வழுக்கினால் கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டும். மிச்சமான ஆயிரம் போக மேலும் ஆயிரம் போயிற்று. வண்டி நின்ற நாளின் வருமானமும் போயிற்று. ஆகவே எளிதில் கழற்றி மாட்டக்கூடிய பாகத்தில் சிக்கனம் பலன் தரும். ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் பாகத்தில் அது இரட்டைச் செலவாய் முடியக்கூடும். கிளட்ச்சுக்காகக் கியர் பெட்டியை இறக்கும்போது, விலை குறைந்த ரிலீஸ் பேரிங்கையும் கூடவே புதியதாக மாற்றிவிடுவது நல்ல மெக்கானிக்கின் பழக்கம்.

புதியதே கிடைக்காத நிலையும் உண்டு. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கம்பெனியின் கார் உற்பத்தி 1988-இல் நின்றது. வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் 2014-இல் நின்றது. ஃபோர்டு கம்பெனி 2021-இல் அறிவித்து, 2022-இல் மறைமலைநகரில் கார் செய்வதை முடித்துக்கொண்டது. கம்பெனி போனாலும் கார்கள் தெருவில் இருக்கின்றன. இத்தகைய வண்டிகளுக்குக் காலம் செல்லச்செல்லப் புதுக்கிய பாகமே உயிர். எனவே நல்லபடி புதுக்கத் தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை அறிந்து வைத்திருப்பது வண்டி உடையவருக்கு ஒரு சொத்து.

கொச்சி போன்ற கடற்கரை ஊருக்கு மற்றொரு எச்சரிக்கையும் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை; மழையில்லாத நாளிலும் உப்புக் காற்று. உப்பு அலுமினியத்தை வெண்பொடியாக அரிக்கும். மின் இணைப்புகளில் பச்சை பூக்கும். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் பெரியாற்றங்கரையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கொச்சி விமான நிலையமே ஆகஸ்டு 15 முதல் 29 வரை மூடிக்கிடந்தது. நீரில் மூழ்கிய வண்டியின் மின்பாகங்கள் காய்ந்தபின் ஓடும்; ஆனால் உள்ளே துரு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இத்தகைய பாகம் எந்த ஊரின் சந்தைக்கும் வந்து சேரலாம். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி எடுத்ததாக வாங்குகிறவர் அது மூழ்கிய வண்டியினதா என்று கேட்டே வாங்க வேண்டும். இணைப்புக் கம்பிகளின் முனையில் பச்சையோ சேற்றுக் கறையோ கண்டால் கீழே வைத்துவிடுக.

இனி, கடைவாசலில் செய்யவேண்டுவன சில.

பளபளப்பைப் பாராதீர்கள். முழுவதும் ஒரே வெள்ளிச் சாயம் பூசியிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். நன்கு புதுக்குபவர் கழுவிச் சுத்தம் செய்வார், திருகாணியின் தலைமேலும் பெயர்த் தகட்டின்மேலும் சாயத்தை அப்பமாட்டார். சுழலும் பாகத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரவென்று ஒலி எழலாகாது, தண்டு பக்கவாட்டில் ஆடலாகாது. 'எவற்றை மாற்றினீர்கள்?' என்று கேளுங்கள். மூன்றாம் வகைக்காரர் ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லுவார். முதல் வகைக்காரர், 'எல்லாம் பார்த்தாயிற்று, சார்' என்பார்.

எஞ்சின் புதுக்கியதாக இருந்தால் அளவுகளைக் கேளுங்கள். கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தால் அதற்கேற்பக் குறை அளவு பேரிங்கும், சிலிண்டரை ரீபோர் செய்தால் மிகை அளவு பிஸ்டனும் போட வேண்டும். 0.25 மில்லிமீட்டரா, 0.50 மில்லிமீட்டரா என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இத்தனை அளவு வரைதான் கடையலாம் என்று கார் கம்பெனி வரையறுத்திருக்கும். கடைசி அளவை எட்டிவிட்ட எஞ்சின் இன்னொரு முறை கடைசலைத் தாங்காது.

உங்கள் பழைய பாகத்தைப் பற்றியும் யோசியுங்கள். புதுக்கியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலையில் கழிவு கிடைக்கும். புதுக்கும் தொழிலுக்கு மூலப்பொருள் அதுதான். அதில் குற்றமில்லை. ஆனால் தேய்ந்த பிரேக் பேட்டையும் பால் ஜாயிண்டையும் அப்படியே விட்டுவராதீர்கள். வெட்டியோ வளைத்தோ கொடுங்கள். புதுப் பாகம் வந்த பெட்டியைக் கிழித்துவிட்டு எறியுங்கள். கிழியாத நல்ல பெட்டிக்கு விலை கொடுக்கிறவர் இருக்கிறார். அவர் அதில் எதை நிரப்பி, யார் தலையில் கட்டுவார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது பில். 'பில் வேண்டாமென்றால் வரி மிச்சம்' என்று ஆசை காட்டுவார்கள். மோட்டார் உதிரி பாகங்களுக்குரிய சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. முன்பு பலவற்றுக்கு 28 விழுக்காடு இருந்தது. அந்தப் பதினெட்டை மிச்சம் பிடிக்கப் போய் நூறையும் இழக்க வேண்டா. பில்லில் பாகத்தின் பெயரும், 'புதியது' அல்லது 'புதுக்கியது' என்ற சொல்லும், உத்தரவாத காலமும் இருக்கட்டும். நம் மொழி செல்லாத ஊரில் நமக்காகப் பேசக்கூடியது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், தாம் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள நுகர்வோர் ஆணையத்தில் முறையிட அது இடமளிக்கிறது. மதுரைக்கு விடுமுறையில் போனபோது வாங்கிய பாகத்துக்காக மதுரைக்கே திரும்பிப் போய் வழக்காட வேண்டியதில்லை. வாடகை வண்டி ஓட்டுபவர், 'நான் தொழிலுக்கு வாங்கியவன், எனக்கு இது பொருந்தாது' என்று சோர்ந்துபோகவும் வேண்டா. தம் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்குகிறவரும் அச்சட்டத்தின்படி நுகர்வோரே. 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் தேசிய நுகர்வோர் உதவி மையம் வழி சொல்லும். பல இந்திய மொழிகளில் பேசலாம்.

நேயர்களே, புதியதா புதுக்கியதா என்ற கேள்விக்குப் பணத்தை மட்டும் பார்த்து விடை சொல்லக்கூடாது. பெருமையைப் பார்த்தும் சொல்லக்கூடாது. இது கெட்டால் என்ன ஆகும், இதற்குப் பொறுப்பேற்கும் பெயர் யாருடையது என்ற இரண்டையும் கேட்டு, அதன்பின் பணப்பையைத் திறவுங்கள். ஆல்டர்னேட்டரில் மிச்சமாகும் பணம் பிரேக்கில் புதியதை வாங்க உதவட்டும். அதுவே நல்ல சிக்கனம்.

என் நண்பர் மறுநாள் காலையிலேயே புது மாஸ்டர் சிலிண்டர் வாங்கி மாட்டினார். கழற்றிய பழையதை அவர் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளே துரு அரித்த பள்ளம் தெரியும்படி லேத்தில் இரண்டாக அறுத்து, வண்டியின் சிறு அறையில் போட்டு வைத்திருக்கிறார். புதிதாகக் கார் ஓட்ட வரும் ஊர்ப்பிள்ளைகளுக்கு அதை எடுத்துக் காட்டுகிறார். முன்னால் போகும் மிதிவண்டியில் இருப்பது யார் பிள்ளையாயினும், அது நம் பிள்ளைதானே.